சதுரங்கப் பலகையில் ஓர் இராச்சியம்: பிரேம்சந்தின் கதை, சத்யஜித் ரேயின் படம், பாவனைநடையின் வரலாற்றுப் பொருள்

இலக்கியம் திரைப்படமாகும்போது எழும் விவாதம் நம்மிடையே பெரும்பாலும் ஒரு வினாவையே சுற்றி நடைபெற்று வந்துள்ளது. படம் மூலத்துக்கு விசுவாசமாக இருக்கின்றதா என்பதே அவ்வினா. வினா பிழையானதன்று, ஆயின் போதாதது. முதல்நூல், வழிநூல் என்ற பாகுபாடு நமது இலக்கண மரபுக்கு நெடுநாட் பழக்கமானது. தொல்காப்பியத்தின் மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்தி, மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக அடக்கியமை இன்றும் வியப்பளிப்பதே. எனினும் அப்பாகுபாடு, முதல்நூலொன்று ஐயத்துக்கிடமின்றி முன்னே நிற்பதாகக் கொண்டே தொடங்குகின்றது. திரைப்படத்துக்கு முன்னே நிற்பது ஒரு நூல் மாத்திரமன்று. கதாசிரியன் எழுதிய கதை, அக்கதை எந்தப் பேச்சுக்களிலிருந்தும் பதிவுகளிலிருந்தும் பிறந்ததோ அவை, இயக்குநர் தேடிப்படித்த ஆவணங்கள், அக்காலத்து ஓவியம், பாட்டு, ஏற்கெனவே வந்த வேறு படங்கள் என யாவும் அதனுள் வந்து சேர்கின்றன.

இவ்வாறு ஒரு பிரதியினுள் வேறு பிரதிகள் வாழ்வதனை யூலியா கிறிஸ்தேவா 1960களின் பிற்பகுதியில் பிரதியிடையுறவு எனும் கருத்தாக வகுத்தார். அதன் ஒரு கூறு பாவனைநடை: இன்னொருவரின் அல்லது இன்னொரு காலத்தின் நடையை வேண்டுமென்றே அணிந்துகொண்டு பேசுதல். பிரெட்ரிக் ஜேம்சன் 1984 இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற கட்டுரையில், பிற்கால முதலாளித்துவத்தின் கலையில் இப்பாவனை நகையுணர்வையும் தீர்ப்பையும் இழந்து வெறும் முகமூடியாகிவிட்டது என்றும், பழங்காலத்தை அழகிய பொருளாகக் காட்டும் ஏக்கப்படங்கள் அதன் அறிகுறி என்றும் வாதிட்டார். அமெரிக்கச் சினிமாவை முன்வைத்துச் சொல்லப்பட்ட இவ்விதியை அப்படியே கீழைத்தேயத்துக்குக் கொண்டுவரலாமா என்பது ஆராயப்பட வேண்டியது. காலனித்துவத்துக்கு ஆளான சமுதாயமொன்றில் பழங்காலத்தின் நடை யாருடைய கையில் இருந்தது, அந்நடையில் யாரைப் பற்றி எழுதப்பட்டது என்ற வினாக்கள் முதலில் எழுகின்றன. இவ்வினாக்களை ஒரு குறித்த எடுத்துக்காட்டில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிரேம்சந்த் 1924 இல் எழுதிய சதுரங்க ஆட்டக்காரர் பற்றிய சிறுகதையும், அதனைக் கொண்டு சத்யஜித் ரே 1977 இல் வெளியிட்ட ‘ஷத்ரஞ்ச் கே கிலாரி’ என்ற படமும் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலில் வரலாறு. அவத் இராச்சியம் 1856 பெப்ரவரி 7 ஆந் திகதிப் பிரகடனத்தின் மூலம் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியுடன் இணைக்கப்பட்டது. போர் நிகழவில்லை. மூன்று நாட்களுக்கு முன்னர் மன்னர் வாஜித் அலி ஷா உடன்படிக்கையில் ஒப்பமிட மறுத்து, தமது தலைப்பாகையைக் கழற்றி றெசிடென்ற் ஜேம்ஸ் அவுட்ரமிடம் ஒப்படைத்தார். இணைப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் நிர்வாகச் சீர்கேடு. மெய்யான காரணத்தை அறிய ஒரு நூற்றாண்டு பின்செல்லவேண்டும். 1764 இல் பக்சாரில் தோற்ற ஷுஜா உத் தௌலா மறுவருடம் ஐம்பது இலட்சம் ரூபா இழப்பீடு செலுத்த உடன்பட்டார். 1801 இல் வெல்லெஸ்லி இராச்சியத்தின் ஏறத்தாழச் சரிபாதியைப் பறித்துக்கொண்டார். 1814 இல் நேபாளப் போருக்குக் கம்பனி ஒரு கோடி ரூபாவை அவத்திடமிருந்தே கடனாகப் பெற்றது. 1819 இல் நவாப்புக்கு மன்னர் பட்டம் சூட்டப்பட்டது. படைபலத்தையும் எல்லைப் பாதுகாப்பையும் கம்பனியிடம் விட்டுவிட்டு, வரி வாங்கவும் கடன் கொடுக்கவும் மாத்திரம் உரிமை பெற்ற ஓர் அரசு எவ்விதம் நிர்வாகம் நடத்தமுடியும்? வெளியார் முதுகெலும்பை முறித்துவிட்டுக் கூன் விழுந்தவன் என்று குற்றஞ்சாட்டியமையே நடந்தது.

1837 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கதை இதனிலும் வெட்கங்கெட்டது. சீர்கேடு மிகுந்தால் பிரித்தானியர் நிர்வாகத்தைத் தற்காலிகமாக ஏற்கலாம், எஞ்சும் வருவாயை மன்னரின் திறைசேரிக்குக் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். இலண்டன் அதிகாரபீடம் அதனை நிராகரித்தது. மன்னருக்கோ அது முழுமையாகத் தெரிவிக்கப்படவில்லை. பல்லாண்டுகள் நடைமுறையிலுள்ள உடன்படிக்கை போலவே அதிகாரிகள் அதனைக் குறிப்பிட்டு வந்தனர். 1856 இல், தமக்கு இடையூறானபோது, அது செல்லாது என்றனர். கார்ல் மார்க்ஸ் 1858 மே மாதம் ‘நியூயோர்க் டெய்லி ட்ரிபியூன்’ இதழில் அவத் இணைப்புப் பற்றி எழுதிய கட்டுரையின் மையம் இம்மோசடியே. முந்திய ஆண்டில் இலண்டனிலேயே வெளிவந்த துண்டுநூலொன்று இவ்விணைப்பைத் தலைப்பிலேயே உச்சநிலைக் கொள்ளையென வருணித்திருந்தது.

கம்பனி அவத்தை ஆவணத்தாலேயே வென்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இணைப்புக்கு முன்னரே இணைப்புக்கான நூலகமொன்று உருவாகியிருந்தது. 1849 இல் றெசிடென்றாக வந்த ஸ்லீமன் இராச்சியத்தைச் சுற்றி எழுதிய நாட்குறிப்பு, 1855 மார்ச்சில் அவுட்ரம் அனுப்பிய அறிக்கை, 1856 இல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீலப்புத்தகம் ஆகிய யாவும் ஒரே உருவத்தை வரைந்தன: பட்டம் விட்டு, பாட்டிசைத்து, நாட்டியமாடி, நாட்டை மறந்த மன்னர். இணைப்பைத் தாம் ஆதரிக்கவில்லை என்று ஸ்லீமன் பிற்பாடு கூறினும், அவரது எழுத்து இணைப்பவருக்கே பயன்பட்டது. ஆவணம் ஒருமுறை எழுதப்பட்ட பின்னர் எழுதியவனின் மனச்சாட்சியைக் கேட்டு நடப்பதில்லை.

இந்நூலகத்தின் வாசனை பிரேம்சந்தின் கதையிலும் வீசுகின்றது என்பதே எமது முதற் பிரச்சினை. கதை தொடங்கும் பந்தி லக்னோ நகரத்தின் கேளிக்கைகளை அடுக்கிச் செல்கின்றது. அரசன் முதல் ஆண்டி வரை எல்லோரும் இன்பத்தில் மூழ்கியிருந்தனர்; எழுத்தாளன், கைவினைஞன், வியாபாரி என ஒவ்வொருவரின் தொழிலிலும் அது படிந்திருந்தது. இவ்வடுக்கு எங்கிருந்து வந்தது? ஒருபுறம் அது றெசிடென்சி அறிக்கைகளின் குற்றப்பட்டியலை ஒத்தது. மறுபுறம் 1913 முதல் அப்துல் ஹலீம் ஷரர் தமது சஞ்சிகையில் தொடராக எழுதிய பழைய லக்னோ பற்றிய கட்டுரைகளின் அன்பு நிறைந்த பட்டியலையும் ஒத்தது. காடை வளர்ப்பு, புறா பறக்கவிடல், சமையல், உடை, உரையாடல் முறை என ஷரர் வாஞ்சையோடு எண்ணியவற்றையே பிரேம்சந்த் கசப்போடு எண்ணுகின்றார். பட்டியல் ஒன்றே; குரல் வேறு.

இதனைக் கொண்டு பிரேம்சந்த் காலனித்துவப் பார்வையை ஏற்றுக்கொண்டார் என முடிவுகட்டுவது அவசரமாகும். 1908 இல் வெளியிட்ட உருதுச் சிறுகதைத் தொகுதியை அரசு பறிமுதல் செய்ததைக் கண்டவர். 1921 இல் அரச சேவையைத் துறந்தவர். அவர் இக்கதையை எழுதிய காலத்தில் அவத்தின் நாட்டுப்புறம் எவ்வாறிருந்தது என்பதை நோக்கவேண்டும். 1858 இல் கானிங் பிரபு முதலில் தாலுக்தார்களின் நிலங்களைப் பறிப்பதாக அறிவித்து, பின்னர் பணிந்தோருக்கு அவற்றை மீள வழங்கினார். 1856 இல் இராச்சியத்தை இழந்த நகரத்தில் 1861 ஆம் ஆண்டளவில் தாலுக்தார்களின் சங்கம் அரசாங்கத்தின் அரவணைப்புடன் இயங்கத் தொடங்கிற்று. இவ்வர்க்கத்துக்கு எதிராகவே 1920-21 இல் பாபா ராம்சந்திராவின் தலைமையில் விவசாயிகள் திரண்டனர். 1921-22 இல் ஏகா இயக்கம் எழுந்தது. 1922 இல் வெளிவந்த ‘பிரேமாஷ்ரம்’ நாவலில் இவ்விவசாயிகளின் வாழ்வை எழுதிய கை, ஈராண்டுகளுக்குப் பின்னர் இரு ஜாகீர்தார்களின் சதுரங்க ஆட்டத்தை எழுதுகின்றது. 1856 இன் நிலப்பிரபுவைப் பற்றி எழுதும்போது ஆசிரியரின் கண்முன் 1924 இன் நிலப்பிரபு நின்றான் என்று கருதுவதில் தவறில்லை. கதையின் நடுவே, நாட்டுப்புறத்தின் செல்வம் முழுவதும் நகருக்கு இழுத்துவரப்பட்டு வேசையரிடமும் விதூஷகரிடமும் வீணானமையும், கம்பனிக்கான கடன் நாளுக்குநாள் பெருத்தமையும் சில வரிகளிற் சொல்லப்படுகின்றன. றெசிடென்சி அறிக்கைகளிலும் ஷரரின் கட்டுரைகளிலும் இல்லாத பார்வை இது. கேளிக்கைப் பட்டியலைக் கடன்வாங்கிய பிரேம்சந்த் அதற்குரிய செலவுக்கணக்கைத் தாமே எழுதிச் சேர்த்தார். வெற்றுப் பாவனையிலிருந்து அவரது நடையைப் பிரிப்பது இச்சில வரிகளே.

கதையின் முடிவு யாவரும் அறிந்தது. மிர்சா சஜ்ஜாத் அலியும் மீர் ரோஷன் அலியும் கோமதி ஆற்றுக்கு அப்பால் பாழடைந்த மசூதியொன்றில் அமர்ந்து விளையாடுகின்றனர். மன்னர் கைதியாகக் கொண்டுசெல்லப்படுவதைக் கண்டும் அசையாத அவர்கள், ஆட்டத்தில் எழுந்த சச்சரவில் குலப்பெருமை பேசி, வாளெடுத்து, ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். கோழைத்தனம் அவர்களிடம் இல்லை. அவர்களது வீரத்துக்கு நாடு என்றொரு பொருள் இல்லை. தனிமனிதனின் மானம் உண்டு, சமுதாயத்தின் மானம் இல்லை. நிலமானிய வீரத்தைப் பற்றி இதனிலும் கூர்மையான விமர்சனம் அக்கால இந்திய இலக்கியத்தில் அரிது என்பது எனது கருத்து.

ரே இக்கதையை எடுத்தபோது ஒரு சிறுகதை முழுநீளப் படத்துக்குப் போதாது என்பது வெளிப்படை. அது அவருக்கு வங்கத்துக்கு வெளியிலான முதற் கதைப்படம். உருதுமொழியை அறியாதவராதலின் திரைக்கதையை ஆங்கிலத்தில் எழுதினார். ஷமா ஸைதியும் ஜாவேத் சித்திக்கியும் உரையாடலை உருதுவில் ஆக்கினர். ஆகவே பிரேம்சந்தின் கதை ஒரு மொழிபெயர்ப்புக்குள் சென்று மீண்டும் பிறந்த மொழிக்குத் திரும்பிற்று. ஆனால் ரே செய்த பெரிய மாற்றம் வேறு. பிரேம்சந்த் பின்னணியில் வைத்திருந்த இணைப்பை அவர் முன்னணிக்குக் கொண்டுவந்தார். இரு ஆட்டக்காரரின் கதைக்குச் சமாந்தரமாக வாஜித் அலியும் அவுட்ரமும் இடம்பெறும் இன்னொரு கதை ஓடுகின்றது. அதற்கான பொருள் பிரேம்சந்திடம் இல்லை. ஆவணங்களிடமே இருந்தது.

எனவே படத்தில் மூன்று நடைகள் அருகருகே நிற்கின்றன. அவற்றுள் முதலாவது கேலிச்சித்திர நடை. படத்தின் தொடக்கத்தில் அமிதாப் பச்சனின் குரல் கதை சொல்ல, வெட்டியொட்டிய பொம்மைச் சித்திரங்கள் அசைந்து அவத்துக்கும் கம்பனிக்கும் இடையிலான நூறாண்டுச் ‘சிநேகத்தை’ நடித்துக்காட்டுகின்றன. டல்ஹௌசி தாம் விழுங்கிய இராச்சியங்களைச் செரிப்பழங்களாக ஒவ்வொன்றாய் வாயிலிடுகின்றார். இவ்வுவமை ரேயின் கற்பனையன்று. 1851 இல் எழுதிய தனிப்பட்ட கடிதமொன்றில் அவத்தை நெடுங்காலம் கனிந்துவரும், ஒருநாள் தம் வாயில் விழப்போகும் பழமாக டல்ஹௌசியே வருணித்திருந்தார். அவ்வாண்டு இலண்டன் மகாகண்காட்சிக்கு மன்னர் தமது கிரீடத்தை அனுப்பியதையும் அவர் குரூரமாகக் கேலிசெய்தார். இக்கடிதங்கள் 1910 இலேயே அச்சாயின. அதிகாரியின் அந்தரங்க நகைச்சுவையை எடுத்துச் சிறுவர் படக்கதையின் நடையில் ரே திருப்பிச் சொல்கின்றார். கேலி இடம் மாறுகின்றது, எழுதியவரே கேலிப்பொருளாகின்றார். ஜேம்சன் சொன்ன முகமூடிப் பாவனைக்கு நேரெதிரானது இது.

இரண்டாவது, அலுவலக நடை. றெசிடென்ற் அவுட்ரம் தமது உதவியாளர் வெஸ்டனிடம், மன்னர் அன்றைய நாளின் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் எவ்விதம் கழித்தார் என்ற அறிக்கையை வாசித்துக்காட்டும் காட்சி படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. தொழுகை, பட்டம் விடல், புதிய கவிதை என அது நீள்கின்றது. அரண்மனைச் செய்திகளை எழுதுவோர் மூலம் நாள்தோறும் பெறும் வழக்கம் றெசிடென்சிக்கு உண்மையில் இருந்தது. ஆகவே இக்காட்சி ஒரு முழுமையான ஆவணப் பாவனை. ரே இதனைத் திரித்துக் கூறவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அறிக்கையை வாசிப்பவனையும் கேட்பவனையும் அருகருகே இருத்துகின்றார், அவ்வளவே. வெஸ்டன் உருது அறிந்தவன். மன்னரின் கவிதையை உருதுவில் சொல்லிப் பொருளும் கூறுகின்றான். அவுட்ரமுக்கு அது கவிதையாகவே தோன்றவில்லை. மொழி அறிந்தவன் கீழுத்தியோகத்தன், அறியாதவன் தீர்ப்பளிப்பவன் என்ற காலனித்துவ உண்மை இரண்டு நிமிடங்களுள் வெளிப்படுகின்றது. சிந்து இணைப்பைப் பொறுத்தவரை முன்னர் எதிர்ப்புக் காட்டிய அவுட்ரம், இம்முறை தமது மனக்குறையை வைத்தியரிடம் முணுமுணுத்துவிட்டு வேலையைச் செய்து முடிக்கின்றார். ரிச்சர்ட் அற்றன்பறோ இப்பாத்திரத்தை ஏற்றதனாற் சில விமர்சகர் அவுட்ரமுக்கு அனுதாபம் மிகுந்துவிட்டது என்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மனச்சாட்சியுள்ள அதிகாரியைக் கொண்டும் ஏகாதிபத்தியம் தன் காரியத்தைச் சாதிக்கும் என்பதைக் காட்டுவதற்குக் கொடியவன் ஒருவனைக் காட்டுவது உதவாது.

மூன்றாவது அரசவையின் நடை. இங்கே ரே மன்னரின் சொந்தப் படைப்புக்களையே பயன்படுத்துகின்றார். வாஜித் அலி கவிஞர், இசைவாணர், நாடகக்காரர். இராதை கண்ணன் கதையை ‘ரஹஸ்’ என்ற ஆடல்நாடகமாக ஆக்கியவர். முஸ்லிம் மன்னர் கண்ணன் வேடம் பூண்டு நிற்கும் தோற்றமும், முஹர்ரம் ஊர்வலத்தில் முரசறையும் தோற்றமும் படத்திற் சிலகணம் வந்து போகின்றன. இக்கலவைப் பண்பாடு லக்னோவோடு நின்றுவிடவில்லை. 1850களில் அமானத் எழுதிய ‘இந்தர் சபா’ பார்சி நாடகக் கம்பனிகளின் கைக்கு மாறி இந்தியா எங்கும் உலாவிற்று. அக்கம்பனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொழும்புக்கும் வந்தன. சிங்கள நூர்த்தி மேடை அவற்றின் வழித்தோன்றலே. நமது நாடகமேடையின் மெட்டுக்கள் பலவற்றின் பிதுரார்ச்சிதத்தைத் தேடுவோர் லக்னோவையும் ஒருமுறை எட்டிப்பார்க்க நேரும்.

பிரதமர் அலி நக்கி கான் றெசிடென்சியில் இருந்து கண்ணீரோடு திரும்பும்போது அவையில் கதக் நடனம் நடைபெறுகின்றது. பிர்ஜு மகராஜ் அமைத்து, சாஸ்வதி சென் ஆடிய இந்நடனத்தை ரே வெட்டிக் குறைக்கவில்லை. அமைச்சர் காத்திருக்கின்றார், பார்ப்போரும் காத்திருக்கின்றனர். நடனம் முடிந்தபின்னர், கவிதையும் இசையுமே ஓர் ஆண்மகனின் கண்ணில் நீர் வரவழைக்கத் தக்கவை என்று மன்னர் அமைச்சரைப் பார்த்துக் கூறுகின்றார். கண்ணுக்கு இன்பமான இக்காட்சியில் எமது மனம் இரண்டுபடுகின்றது. இக்கலை பேணத்தக்கது என்பதும், இக்கலைக்காக நேரம் கடந்துகொண்டிருக்கின்றது என்பதும் ஒரே நேரத்தில் உணர்த்தப்படுகின்றன. தந்தையின் இல்லத்தைப் பிரியும் மணப்பெண்ணின் குரலில் அமைந்து, மன்னர் லக்னோவை நீங்கியபோது பாடியதாக மக்கள் நம்பும் தும்ரி ஒன்றுண்டு. 1938 இல் ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ படத்தில் ஸைகால் பாடியதன் பின்னர் அது நாடறிந்த பாட்டாயிற்று. ரே அதனைத் தவிர்த்து, பிரிவு பற்றிய வேறொரு பாடலைத் தெரிந்தார். வட இந்தியப் பார்வையாளர் எதிர்பார்த்திருக்கக்கூடிய பாட்டைக் கொடுக்காமல் விட்டதும் ஒருவகைப் பிரதியிடையுறவே. கண்ணீரைத் தயாராக வைத்திருந்தவர்களிடம் அதனைச் செலவழிக்க விடவில்லை.

படம் வெளிவந்தபின் 1978 இல் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ இதழில் ராஜ்பன்ஸ் கன்னா கடுமையான கண்டனம் எழுதினார். பிரித்தானியர் கட்டிய பொய்யுருவையே ரே ஏற்றுக்கொண்டார், மன்னரைப் பலவீனராகக் காட்டினார் என்பது அதன் சாரம். ரே அவ்வாண்டிறுதியில் பதில் எழுதி, தாம் ஆதாரமாகக் கொண்ட நூல்களையும் எடுத்துக்கூறினார். ஆங்கிலேயரின் பதிவுகள், டல்ஹௌசியின் கடிதங்கள், ஷரரின் நூல், மன்னரின் தன்வரலாற்று எழுத்து முதலியன அவற்றுள் அடங்கும். இருசாராரின் நூல்களையும் படித்தேன் என்பதே அவரது நியாயம். இவ்விவாதத்தில் ரேயின் பக்கமே நியாயம் அதிகம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் விவாதம் நடந்த தளம் குறுகியது. கன்னாவும் ரேயும் கேட்ட வினா, மன்னர் நல்லவரா, அறிக்கை பொய்யா என்பதே. இருசாரார் என்றபோது அவ்விருவரும் எண்ணியது கம்பனியையும் அரசவையையும். மூன்றாஞ்சாரார் எங்கே?

பாவனைநடையின் எல்லை இங்கேதான் புலப்படுகின்றது. பாவிப்பதற்கு ஒரு நடை முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். டல்ஹௌசிக்குக் கடிதநடை இருந்தது, அவுட்ரமுக்கு அறிக்கைநடை இருந்தது, வாஜித் அலிக்குத் தும்ரியும் தன்வரலாறும் இருந்தன. ஜாகீர்தார்களுக்கு ஷரர் இருந்தார். கம்பனியின் வங்காளப் படையில் பெரும்பகுதியினராக விளங்கிய அவத் நாட்டுச் சிப்பாய்களுக்கும், அவர்களது ஊர்களில் வரி செலுத்தி மாண்ட உழவருக்கும் அவ்வாறான நூலகம் இல்லை. ஓராண்டு கழிந்து 1857 இல், லக்னோ றெசிடென்சியை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு நின்றவர்களுள் பெரும்பாலோர் இவர்களே. ஆவணத்தை நேர்மையோடு பின்பற்றும் படம், ஆவணம் இல்லாதவனை அதே நேர்மையோடு தவறவிடுகின்றது. பிரேம்சந்தின் செலவுக்கணக்கு வரிகள் படத்திற் காணப்படாமை தற்செயலன்று. அவை எந்த ஆவணத்தின் நடையிலும் அமையாத, ஆசிரியர் தமது வர்க்கப்பார்வையாற் பெற்ற வரிகள்.

ரே இதனை ஓரளவு உணர்ந்திருந்தார் என்று கருத இடமுண்டு. இறுதிப் பகுதியில் மீர் சொன்ன பாழ்மசூதியைத் தேடி இருவரும் அலைகின்றனர், மசூதி கிடைப்பதில்லை. பிரேம்சந்தை வாசித்தவர் இவ்விடத்தில் புன்முறுவல் செய்யாதிருக்க முடியாது. மூலக்கதையின் முடிவு நிகழவேண்டிய இடமே படத்தில் இல்லை. ஒரு கிராமத்து ஓரத்தில் அவர்கள் அமர, கல்லு என்ற சிறுவன் பணிவிடை செய்கின்றான். கதையில் இல்லாதவன், எந்த ஆவணத்திலும் இல்லாதவன். கம்பனிப் படை கடந்துசெல்வதைக் கண்டு, ஒருவரும் எதிர்த்துச் சுடவில்லையே என்று கலங்குபவன் அவன் ஒருவனே. படத்தில் பேசுவோருள் யாருடைய நடையையும் கடன்வாங்காமற் பேசுபவன் இச்சிறுவன் மாத்திரமே என்றால் மிகையன்று. சில நிமிடங்களே வருகின்றான் என்பதும் உண்மை.

பிரேம்சந்தின் ஜாகீர்தார்கள் மடிகின்றனர், ரேயின் ஜாகீர்தார்கள் மடிவதில்லை. மீரின் கைத்துப்பாக்கி வெடித்து மிர்சாவின் சால்வையை உரசிச் செல்கின்றது. வெட்கம் தீர்ந்தபின் இருவரும் மீண்டும் ஆடத் தொடங்குகின்றனர், இம்முறை ஆங்கிலேயரின் விதிப்படி. அமைச்சர் விலகிக்கொள்ள விக்ரோரியா மகாராணி பலகைக்கு வருகின்றாள். ஆங்கில ஆட்டத்தில் அமைச்சருக்குப் பதில் ராணி என்பதைப் படத்தின் முற்பகுதியிலேயே முன்ஷி நந்தலால் விளக்கியிருக்கின்றார். கண்டிப்பாக நோக்கினால் இதிற் காலவழு உண்டு: 1856 இல் அவத்தை விழுங்கியது கம்பனி, முடியின் நேராட்சி 1858 இலேயே வந்தது. ஆனால் அவ்வழுவிலேயே உண்மை இருக்கின்றது. இவ்விருவரின் வர்க்கம் வரலாற்றில் அழியவில்லை. ராணியின் விதிக்கு அமைந்து, தாலுக்தார் சங்கத்தில் இடம்பிடித்து, மேலும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு ஆட்டத்தைத் தொடர்ந்தது. மூலத்தை மீறிய இடத்திலேயே ரே வரலாற்றுக்கு அணுக்கமாக வருகின்றார். கலையின் கூர்மை பிரேம்சந்தின் முடிவிலும், வர்க்கத்தின் வரலாறு ரேயின் முடிவிலும் உண்டு. இன்னொரு ராணியும் நினைவுக்கு வருகின்றாள். மகனின் இராச்சியத்தை மீட்பதற்காக வாஜித் அலியின் தாய் 1856 இல் இலண்டன் சென்று விக்ரோரியாவிடம் முறையிட்டாள். பயனின்றித் திரும்பும் வழியில் 1858 ஜனவரியிற் பாரிசில் இறந்தாள். படத்தில் அவள் திரைக்குப் பின்னிருந்து அவுட்ரமுடன் வாதிடும் காட்சியோடு மறைகின்றாள்.

பெண்களைப் பற்றி ஒரு குறை சொல்லவேண்டும். பிரேம்சந்தின் கதையில் மீரின் மனைவி குதிரைவீரன் ஒருவனைக்கொண்டு கணவனை வீட்டிலிருந்து விரட்டுகின்றாள். ஏன் என்பது வாசகரின் ஊகத்துக்கு விடப்படுகின்றது. ரே அதனைக் கட்டிலுக்கடியில் ஒளியும் காதலன் என்ற பழைய கேலிக்கூத்தாக விரித்தார். மீரின் உறவினனான அகீல், படைக்கு ஆட்சேர்ப்போருக்கு அஞ்சி ஒளிந்ததாகப் பொய் சொல்ல, மீர் நம்புகின்றார். சிரிப்பு வருகின்றது. ஆயினும் பிரேம்சந்தின் மௌனத்தில் அப்பெண்ணுக்கு இருந்த புத்திக்கூர்மை இங்கே குறைந்துபோயிற்று.

‘ஷத்ரஞ்ச் கே கிலாரி’யின் இடத்தை அறிய, லக்னோவைத் திரைக்குக் கொண்டுவந்த வேறு படங்களோடு ஒப்பிட வேண்டும். ‘சௌத்வீன் கா சாந்த்’ (1960) முதலானவை அந்நகரத்தை முகத்திரையும் கவியரங்கமும் நிறைந்த மாறாத அழகாக்கின. முஸபர் அலி 1981 இல் எடுத்த ‘உம்ராவ் ஜான்’ இவ்வகையில் உயர்ந்தது. ருஸ்வாவின் மூலநாவலே ஒரு பாவனைதான். பரத்தை ஒருத்தி தன் வாழ்வை ஆசிரியருக்குச் சொல்வதாக அமைந்தது. படத்துக்கு ஷஹ்ரியார் என்ற நவீன கவிஞர் பழைய கஸல் நடையில் புதிய கஸல்களை எழுதினார். கேட்போர் அவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதைகளென்றே மயங்குவர். பாவனை இத்தகைய தேர்ச்சியை எட்டும்போது ஜேம்சனின் எச்சரிக்கை பொருந்தத் தொடங்குகின்றது. 1857 படத்தில் வருகின்றது, ஓடும் கூட்டமாக. ஏன் என்ற வினா எழுவதில்லை. எனினும் ஏக்கத்தை முழுவதும் பிற்போக்கு என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. 1947 இன் பின்னர் உருது மொழியும் அதனோடு வளர்ந்த கலப்புப் பண்பாடும் சொந்த மண்ணிலேயே அந்நியமாக்கப்பட்ட சூழலில், பழைய லக்னோவின் அழகைத் திரையில் நிறுத்துவதற்கு ஓர் அரசியற் பொருளும் இருந்தது. 1936 ஏப்ரிலில் அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு பிரேம்சந்தின் தலைமையிற் கூடியதும் இதே லக்னோவில்தான். 1954 இல் நமது முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவாவதற்குப் பின்னணியாக அமைந்த இலக்கிய அலைகளுள் அதுவும் ஒன்று.

இதே முஸபர் அலி ‘உம்ராவ் ஜான்’ எடுப்பதற்கு முன்னர், 1978 இல், ‘கமன்’ என்றொரு படம் எடுத்தார். அவத் கிராமமொன்றில் பிழைக்க வழியற்றுப் பம்பாய் சென்று வாடகைக்கார் ஓட்டும் குலாம் ஹசன் என்பவனின் கதை அது. எந்த நாவலின் தழுவலும் அன்று. குலாம் ஹசனாக நடித்தவர் பாரூக் ஷேக். ரேயின் படத்தில் கட்டிலுக்கடியில் ஒளிந்த அகீல் அவரே. ‘உம்ராவ் ஜானி’ல் நவாப் சுல்தானும் அவரே. நான்காண்டுகளுக்குள் ஒரே முகம், ஒரே மாகாணத்தின் ஜாகீர்தார் வீட்டுப் பிள்ளையாகவும் உழவன் மகனாகவும் நவாப்பாகவும் திரையிற் தோன்றிற்று. ‘கமன்’ முடிவில் அவன் ஊருக்குச் செல்ல இரயில் நிலையத்துக்கு வருகின்றான். பயணத்துக்குச் செலவாகும் பணத்தைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு ஏறாமல் நிற்கின்றான். வண்டி அவனை விட்டுப் புறப்பட்டுச் செல்கின்றது.